எட்டு பாகத்தில் ஒற்றுப்பிழை

மே 20, திங்கள்

கழித்தல் ஒன்றைக் கழித்தல் ஒன்றால் பெருக்கினால் என்ன வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஒன்று என்று சொல்லிவிடும். எங்கள் ரேடியோ செட்டுக்குள் இருக்கும் குட்டிப் பிராசசருக்குச் சொல்லத் தெரியாது. அதற்குத் தெரிந்த எண்கள் கழித்தல் ஒன்றில் தொடங்கி, ஒன்றுக்கு மயிரிழை குறைவான இடத்தில் முடிந்துவிடும். முழு ஒன்றுக்கு அங்கே இடமில்லை. அதனால் அது மறுபடியும் கழித்தல் ஒன்று என்றே விடை எழுதிவிட்டு, ஒன்றும் அறியாத பூனை மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடும். பதினோரு நாளாகப் பேச்சின் நடுவே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது இதனால்தான்! இன்று பதினொன்றே முக்காலுக்குப் பிடித்துவிட்டேன். சி மொழியில் இரண்டே வரி. பெருக்க வந்த இரண்டும் கழித்தல் ஒன்று என்றால், இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கொடுத்துவிடு என்று எழுதினேன். பட்டாசு நின்றது. சரிபார்க்கக் கொடுத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் நாற்பத்தெட்டும் பிட்டுக்குப் பிட் பொருந்தின.

எனக்குத் தலைகால் புரியவில்லை. “பெனிட்டா, நீ பிறந்தது வீண் போகலட்டி!” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த மேசையில் கோமதிநாயகம் தலையைத் தூக்கிப் பார்த்து, “யாருக்குப் பொறந்தநாளு?” என்று கேட்டார்.

இந்த டைரியைப் பின்னொரு நாளில் யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், வள்ளக்காரர்கள் கடலில் பேசிக்கொள்ள ரேடியோ செட் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. செல்போன் எடுக்காத தூரத்தில் இந்தச் செட்தான் துணை. குரலைச் சுருக்கி அனுப்புவதும் மறுமுனையில் விரித்துக் குரலாக்குவதும் என் வேலை. அதற்குக் கோடெக் என்று பெயர். சுருக்கியதைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி ரேடியோ அலையில் ஏற்றுவது நாயகத்தின் வேலை. எங்கள் பிரிவில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் மேலாளர் ரத்னபாய் மேடம் இன்று கெடு சொல்லிவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள், ஜூன் 14 அன்று, வள்ளக்காரர் சங்கம் எங்கள் செட்டைச் சோதிக்கும். தேறினால் எல்லா வள்ளத்திலும் என் கோடெக். தேறாவிட்டால் வெளிநாட்டு ரெடிமேட் சிப் வாங்கிப் போட்டுவிடுவார்கள், எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். என்னை ஓசூருக்கு, வாஷிங் மெஷின் போர்டு செய்யும் பிரிவுக்கு அனுப்புவார்களாம். நாயகத்துக்குப் பெங்களூரில் ஒரு வேலை காத்திருக்கிறது. வருகிறாரா இல்லையா என்று அதே 14ஆம் தேதிக்குள் எழுத வேண்டுமாம். போகிறவர் போகட்டும். எனக்கென்ன?

மே 22, புதன்

இன்று நான் செய்ததை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை!

கடலில் அலையும் காற்றும் சேர்ந்து பாக்கெட்டுகளைத் தின்றுவிடும். நாயகத்தின் ஒரு பாக்கெட்டில் நான்கு ஃப்ரேம். நான்கும் சேர்ந்து, ஒரு நொடியைப் பன்னிரண்டாகக் கிழித்தால் அதில் ஒரு துண்டுப் பேச்சு. ஒன்று தொலைந்தால் பேச்சில் அந்த அளவுக்கு ஓட்டை விழும். நான் எழுதிய புரோகிராம் துண்டு என்ன செய்யும் தெரியுமா? ஓடிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நான்கு ஃப்ரேமுக்கு அடங்கி மறுபடி கிளம்பினால், அது ஓட்டை என்று தானே கண்டுபிடிக்கும். முன்னால் கேட்ட ஓசையையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இழுத்துப் போட்டு மூடிவிடும். அதற்குத் ‘தையல்’ என்று பெயர் வைத்தேன். ஆங்கில வாக்கியங்களில் வேண்டுமென்றே பாக்கெட்டுகளைப் பிடுங்கி எறிந்து கேட்டுப் பார்த்தோம். ஓட்டை எங்கே என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

நாயகம் மட்டும் தாடையைச் சொறிந்தார். “ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நான் ஒரு நம்பர் போட்டுத் தாரேன். நடுவுல நம்பர் விட்டுப்போனா தொலைஞ்சிட்டுன்னு நிச்சயமாத் தெரிஞ்சிரும்லா?”

“நம்பருக்கு எடம் எங்க இருக்கு? எல்லா பிட்டையும் குரலுக்கே குடுங்க. தொலைஞ்சத என் தையலே கண்டுபிடிச்சிரும்.”

“தொலையாததயும் கண்டுபிடிச்சிட்டா?”

நாயகம் சங்கரன்கோவில்காரர். அந்த ஊருக்கே சந்தேகம் கூடுதல்.

மே 23, வியாழன்

மேடம் தையலைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சங்கத்துக்காரர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறார்களாம். சென்னைத் தலைமை அலுவலகத்துக்கும் என் பெயர் போட்டு எழுதிவிட்டார்கள். சாயந்தரம் எல்லாருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். நாயகம் நான்கு தின்றார்.

மே 25, சனி

பிலோமி அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். காலையில் அவளுக்கு மாவாட்டிக் கொடுத்தேன். அவள் நெத்திலி காயப்போட்டாள். “நீ என்ன வேலதான்ட்டி பாக்குத?” என்று நூறாவது தடவையாகக் கேட்டாள். பேச்சைக் கருவாடாக்கி அனுப்புகிறேன், அந்தப் பக்கம் தண்ணீரில் போட்டால் மறுபடி மீனாகிவிடும் என்றேன். “கருவாடு எப்பிடி மீனாவும்? வேலைக்குப் போற பிள்ள பேசுத பேச்சா இது?” என்று நெத்திலியை விரித்தபடியே திட்டினாள்.

லொயோலா அத்தான், அக்கா வீட்டுக்காரர், வள்ளம் ஓட்டுகிறார். தடை விசைப்படகுகளுக்குத்தான், வள்ளம் மாதிரிச் சின்னப் படகுகளுக்குக் கிடையாது. இன்று அவர் கரையில் இருந்ததால் ஒரு செட்டை அவர் கையில் கொடுத்துக் கடற்கரைக்கு அனுப்பினேன். நான் மொட்டை மாடியிலிருந்து பேசினேன். பக்கத்துக் கோவிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. “அத்தான், இங்க ஒரே பாட்டு!” என்றேன்.

“ஒரே பாடா? எங்கட்டி? எவன் வள்ளத்துல?” என்று அவர் ஓடியே வந்துவிட்டார். எங்கள் பக்கம் பாடு என்றால் மீன்பாடு, வலையில் சிக்கும் மீன். வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு, “கொழுந்தியா, ஒன்ன ஓசூருக்கு அனுப்புதது தப்பே இல்ல” என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அத்தானுக்கு எப்போதும் மீன் நினைப்புதான்.

மே 27, திங்கள்

கோடெக் இப்போது முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் ஓடுகிறது. பேட்டரி இன்னும் ஐந்து மணி நேரம் கூடுதலாக நிற்கும். கண்ணாடி துடைக்கும் துணியைத் தொலைத்துவிட்டேன்.

மே 30, வியாழன்

முதல் கடல் சோதனை. அத்தான் வள்ளத்தில் ஒரு செட், அவர் கூட்டாளி சேவியர் வள்ளத்தில் ஒரு செட், கரையில் நானும் நாயகமும் ஒரு செட்டோடு. காலை எட்டு மணிக்கே வெயில் பிய்த்தது. ஆறு மைல் தூரத்திலிருந்து அத்தான் குரல் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுபோல வந்தது! மணலில் நின்றுகொண்டு நான் குதித்த குதியை நாயகம் தன் செல்போனில் பிடித்து வைத்திருக்கிறார். அழிக்கச் சொன்னேன். சரி என்றார். அழித்த மாதிரி தெரியவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு சின்னக் குழப்பம். முன்னால் போன சேவியர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்திருக்கிறான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எட்டு பாகம் இருந்ததாம், அது வலை விடத் தோதான ஆழம். செட்டில் “எட்டு! எட்டு!” என்று சொல்லியிருக்கிறான். பின்னால் வலையைப் பாதி விட்டிருந்த அத்தானுக்கு அது “எடு! எடு!” என்று கேட்டிருக்கிறது. எதிரே கப்பல் வருகிறதோ என்னவோ என்று பதறி, விட்ட வலையை எல்லாரும் சேர்ந்து அவசரமாக இழுத்திருக்கிறார்கள். வலை கடலடியில் பாறையில் மாட்டி நான்கு பாக நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

கரையில் எங்கள் செட்டிலும் அந்தக் கத்தல் கேட்டது. “என்ன சொல்லுதாவ?” என்று நாயகம் என்னைக் கேட்டார். காற்று என்றேன்.

அத்தான் ஒன்றும் திட்டவில்லை. கிழிந்த வலையை விரித்துப் போட்டுவிட்டு, “கப்பல் வந்து அவன் எடுன்னு கத்தி, எனக்கு எட்டுன்னு கேட்டிருந்தா?” என்று மட்டும் கேட்டார். அக்கா இரண்டு வேளையாக என்னோடு பேசவில்லை.

மே 31, வெள்ளி

தப்பு யாருடையது என்பது தெள்ளத்தெளிவு. பாக்கெட் விழுந்திருக்கிறது. பாக்கெட் நாயகத்தின் பொறுப்பு. அதைச் சொன்னேன்.

“பதினொரு மணிக்கு ஒரு பாக்கெட்டும் விழலியே. மூணு செட்டோட பதிவையும் பாத்துட்டேன்” என்றார்.

“அப்ப ஒங்க பதிவு தப்பு. என் கோட் நாப்பத்தெட்டு வாக்கியத்துலயும் பிட்டுக்குப் பிட் தேறினது.”

“அந்த நாப்பத்தெட்டும் இங்கிலீஷ்லா?”

குரலுக்கு என்ன மொழி? எண்கள்தானே! அப்படியே சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். நாயகம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டார். எனக்கும் பசி இல்லை.

ஜூன் 3, திங்கள்

நாயகம் பெங்களூருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மணி என்று என் காதில் விழவில்லை. விழவில்லை என்பதற்காக இரண்டு தடவை தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கமாக நடந்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஜூன் 6, வியாழன்

அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். சமாதானத்துக்காகக் கடைக்கு நானே போகிறேன் என்றேன். சும்மா ஒரு விளையாட்டாக, செட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, கடையில் நின்றுகொண்டு என்னென்ன வாங்குகிறேன் என்று செட்டிலேயே சொன்னேன். காதில் விழுவதை அப்படியே எழுது என்றேன். அவளுக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மளிகைப் பட்டியல் ஒரு மாதிரியாக இருந்தது. பட்டை என்றதற்குப் ‘பாடை’ என்று எழுதியிருந்தாள். மூணு தட்டு என்றது ‘மூணு தாடு’. சுக்கு என்றது ‘சூகு’. பத்து முட்டை என்றதற்கு எழுதியிருந்ததைக் காட்டி, “ஏட்டி, பாது மூடை எதுக்கு? மாடில அரிசிக்கட வைக்கப் போறியா?” என்று கேட்டாள். ஆனால் மிளகு, சீரகம், உளுந்து, வெல்லம் எல்லாம் சரியாக இருந்தன.

அக்காவுக்குக் காது மந்தம்.

ஜூன் 7, வெள்ளி

தண்ணீர் வந்தது. ஏழு குடம் பிடித்தேன். நாயகம் என் மேசைக்கு வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 8, சனி

அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

விடுமுறைதான். ஆனாலும் காலை ஏழு மணிக்கு அலுவலகம் போய்க் காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்னேன். ‘எட்டு’ என்று ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்து அதன் அலையைத் திரையில் விரித்தேன். எ, ஒரு குன்று. உ, ஒரு சின்னக் குன்று. நடுவில்? ஒன்றுமே இல்லை. தட்டையான கோடு. அளந்தேன். நான்கு ஃப்ரேம். சரியாக ஒரு பாக்கெட்.

எழுந்து நின்றுவிட்டேன். நான் இருபத்தொன்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறேன், இது எனக்குத் தெரியாது! ட் என்பது சத்தமே இல்லை. நாக்கை மேலே ஒட்டி, வந்துகொண்டிருக்கும் சத்தத்தை நிறுத்திப் பிடித்துக்கொள்வது. அந்த நிறுத்தம் இருந்தால் எட்டு, இல்லாவிட்டால் எடு. பள்ளிக்கூடத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். பட்டை, தட்டு, முட்டை, பத்து, சுக்கு, பாட்டு, எல்லாவற்றையும் விரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நடுவே அதே வெள்ளைக் கோடு. நாம் வாயைத் திறந்தால் நொடிக்கொரு பாக்கெட்டை வேண்டுமென்றே தொலைக்கிறோம்! என் தையல் அத்தனையையும் ஓட்டை என்று எண்ணி, அக்கறையாக, அழகாக, ஒன்று விடாமல் மூடியிருக்கிறது. முன்னால் இருந்த உயிரெழுத்தை இழுத்துப் போட்டதால் முட்டை மூடையாகிவிட்டது. கடலில் கத்துகிறவன் எடு என்பதையும் இழுத்துத்தானே கத்துவான்? அத்தான் என்ன செய்வார் பாவம்.

ஆங்கிலத்தில் இவ்வளவு நீளத்துக்கு ஒரு சொல்லின் நடுவே நிறுத்திப் பிடிக்கும் வழக்கம் இல்லை. அதனால் நாற்பத்தெட்டு வாக்கியமும் தேறின. தமிழில் நாங்கள் பேசிப் பார்த்தபோதும் என்ன பேசப்போகிறோம் என்று முன்பே தெரிந்திருந்ததால், காது தானே ஒற்றைச் சேர்த்துக்கொண்டது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று தமிழ் டீச்சர் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். வல்லினம் எங்குமே மிகாத ஒரு இடத்தை நான் சி மொழியில் எழுதி வைத்திருக்கிறேன்.

சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இந்தக் குஞ்சை நானே எடுத்து வெளியே போட வேண்டும்.

நாயகத்துக்குப் போன் செய்தேன். “தப்பு என்னுது. ஒங்க பாக்கெட் ஒண்ணுகூட விழல” என்றேன்.

“தெரியும். நேத்து சொல்ல வந்தேன். நீங்க தண்ணி பிடிக்கப் போயிட்டீய.”

“நான் கத்துனதுக்கு மன்னிச்சிருங்க.”

“இப்ப நீங்க சொன்னது சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். மனுஷனுக்குக் கொழுப்பு.

ஜூன் 10, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். தையல் இல்லாமல் சங்கத்துக்காரர்களிடம் என்னத்தைக் காட்டுவது, சென்னைக்கு என்ன பதில் எழுதுவது என்று மேடம் கேட்டார்கள். எடு என்றால் எடு, எட்டு என்றால் எட்டு என்று கேட்கும் ஒரு செட்டைக் காட்டுவோம் என்றேன். சென்னைக்கு நானே எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

“பாக்கெட் நெசமாவே தொலைஞ்சா?”

இதற்கு நாயகம் பதில் சொன்னார். அவருடைய பழைய நம்பர்தான். பாக்கெட்டுக்கு இரண்டே இரண்டு பிட். நம்பர் விட்டுப்போனால் மட்டும் அது ஓட்டை. அந்த இடத்தில் எதையும் இட்டு நிரப்பாமல், செட் ‘டொக்’ என்று மெல்ல ஒரு சத்தம் கொடுக்கும். இங்கே ஒன்று விட்டுப்போயிற்று என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மேடம் காலண்டரைப் பார்த்தார்கள். “நாலு நாள்ல முடியுமா?” என்றார்கள். முடியும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஜூன் 12, புதன்

முடிந்துவிட்டது! இரண்டு பிட்டை எங்கிருந்து பிடுங்கினேன் என்றால், குரலின் உரப்பைச் சொல்லும் எண்ணில் தேவைக்கு மேல் துல்லியம் வைத்திருந்தேன். அங்கிருந்து பிடுங்கினேன். தையலின் நூற்றுப் பத்து வரியையும் நானே அழித்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நாயகம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கமாகத் தள்ளினார். எலுமிச்சை சாதமும் கூழ்வத்தலும். வத்தல் முழுவதையும் நானே தின்றுவிட்டேன்.

பெங்களூருக்கு எழுதியாயிற்றா என்று கேட்கவில்லை. அது அவர் பாடு.

ஜூன் 13, வியாழன்

நாளை. தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

சங்கச் செயலாளர் சூசை மிக்கேல் ஒன்பது மணிக்குக் கடற்கரைக்கு வந்தார். கையில் மடித்த தாள். நாற்பது சொற்கள், அவரே எழுதிக்கொண்டு வந்தது. யாருக்கும் காட்டவில்லை. மேடம் தன் பெரிய பேச்சைத் தொடங்குவதற்குள், “லொயோலா வலை கிழிஞ்ச கத எங்க எல்லாருக்கும் தெரியும்மா. மெசினப் பத்தி எங்க காது சொல்லட்டும்” என்றார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அத்தான் வள்ளத்தில் ஒருவர் படிக்க வேண்டும். கரையில் சங்கத்துக்காரர்கள் மூன்று பேர் செட்டில் கேட்டு எழுத வேண்டும். படிக்க யார் போவது? அத்தான் வள்ளம் ஓட்ட வேண்டும். நான் போகிறேன் என்றேன். கோடெக் எழுதியவள் கரையில் எங்கள் கண் முன்னால் இருக்கட்டும் என்றார் செயலாளர். நாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு வள்ளத்தில் ஏறிவிட்டார். சங்கரன்கோவிலில் பிறந்து, கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்த மனிதர்!

அரை மணியில் குரல் வந்தது. “கேக்குதா? அலை இங்க ஒரு மாதிரியா இருக்கு.” அவர் குரலும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பின்னால் அத்தான் சிரிப்பது கேட்டது.

படிக்கத் தொடங்கினார். எடு. மட்டி. பாடு. எட்டு. மடி. விட்டு. பாட்டு. கூடு. செயலாளர் வேலை தெரிந்தவர். ஒவ்வொரு சொல்லும் எனக்கென்றே வைத்த கண்ணி. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். இருபத்தாறாவது சொல்லில் ‘டொக்’ என்றது. எழுதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “விட்டுப்போச்சு, திருப்பிச் சொல்லு தம்பி” என்று பொத்தானை அழுத்திச் சொன்னார். நாயகம் திருப்பிச் சொன்னார். பெரியவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்! ஓட்டை தெரியக்கூடாது என்று நூற்றுப் பத்து வரி எழுதினேனே, ஓட்டை தெரிந்தால் மனிதர்கள் திருப்பிக் கேட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று தாளையும் செயலாளர் திருத்தினார். இரண்டு தாளில் நாற்பதுக்கு நாற்பது. மூன்றாவதில் முப்பத்தொன்பது. புளி என்பதைப் ‘புலி’ என்று எழுதியிருந்தார் ஒருவர். செயலாளர் அவரைப் பார்த்து, “ஏல, இது மெசின் தப்பா, நீ பள்ளிக்கூடம் போகாத தப்பா?” என்றார். கரையே சிரித்தது. “தடை முடிஞ்சு நாளைக்கு விசைப்படகும் எறங்குது. நாப்பது வள்ளத்துக்கு முதல்ல மாட்டிக் குடுங்க” என்று மேடத்திடம் சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். மேடம் முதன்முறையாக என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அக்கா அழுதாள். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அழுதேன், மணலில் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன்.

“அந்தத் தம்பிய வரச் சொல்லும்மா, வாந்தி எடுத்தே செத்துருவான்” என்றார் செயலாளர். கண்ணைத் துடைத்துக்கொண்டு செட்டை எடுத்து, தேறிவிட்டோம், நாற்பது வள்ளம், கரைக்கு வாங்க என்று சொன்னேன். பிறகு நாயகம் பேசினார்.

“பெனிட்டா, பெங்களூருக்குக் காலையிலயே எழுதிட்டேன். நான் போ—”

டொக்.

இன்னும் இரண்டு டொக். அதற்குப் பிறகு இரைச்சல்.

தையல் இருந்திருந்தால் அந்த இடத்தை நைசாக இழுத்து மூடியிருக்கும். போகிறேன் என்றோ, போகவில்லை என்றோ எனக்குப் பிடித்தபடி நானே கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மேடம், அக்கா, செயலாளர், எழுதிய மூன்று பேர். கேட்டுத்தான் ஆக வேண்டும். வெட்கத்தைப் பார்த்தால் முடியாது. பொத்தானை அழுத்தினேன்.

“விட்டுப்போச்சு. திருப்பிச் சொல்லுங்க.”

“போகல! போகலன்னு எழுதிட்டேன்! நீ இங்க இருக்கும்போது நான் அங்க போய் என்ன செய்ய? மிச்சத்தக் கரைக்கு வந்து சொல்லுதேன், இந்த வாந்தி நிக்கட்டும்.”

முழுவதும் கேட்டது. ஓர் எழுத்துகூட விழவில்லை. வள்ளத்தில் அத்தான் விசில் அடித்ததும் சேர்ந்தே கேட்டது. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

சூசை மிக்கேல் மடித்து வைத்த தாளை மறுபடி வெளியே எடுத்தார். “மிச்சத்தயும் இதுலயே சொல்லச் சொல்லும்மா. சோதன இன்னும் முடியல, நாங்க எழுதிக்கிடுதோம்” என்றார்.

நான் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, பொத்தானை அழுத்தி, “கேட்டுச்சு, மெதுவா வாங்க” என்றேன்.